மலை மாட்டின் தீவனக் கணக்கு: நீலகிரி பால் பண்ணையாளர்களுக்கான வழிகாட்டு அளவுகள்

நீலகிரியில் கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் தினமும் என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்டால், கட்டுக் கணக்கிலும் மூட்டைக் கணக்கிலும்தான் பதில் வரும். இரண்டு கட்டு புல், அரை மூட்டை கேரட், மூன்று படி தீவனம். அந்தக் கட்டில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீனி என்பது கணக்கில் வராது. பனியிலும் தூறலிலும் அறுத்த புல், கழுவிய ஈரத்தோடு வரும் கேரட், மழைத்தண்ணீர் சொட்டும் கோஸ் இலை எல்லாம் எடை காட்டும். மாட்டின் வயிறும் நிறையும். பால் மட்டும் கூடாது.

இந்த மாவட்டத்தில் பால் தொழில் பெரும்பாலும் தேயிலைக்கோ காய்கறிக்கோ துணைத்தொழில். பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்குவது இரண்டு அல்லது மூன்று மாடுகள்தான். பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. இங்கே புல்லைத் தவிர மற்ற எல்லாமே, அதாவது வைக்கோல், புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் என அனைத்தும் மேட்டுப்பாளையம் வழியாகவோ கூடலூர் வழியாகவோ மலை ஏறி வர வேண்டும். சமவெளிப் பண்ணைக்கு எழுதிய தீவன அட்டவணையை அப்படியே இங்கு பின்பற்றினால் நஷ்டம் வருவது இதனால்தான்.

முதல் அளவு: உலர் பொருள்

தீவனத்தில் உள்ள தண்ணீரை நீக்கினால் மீதி நிற்பதே உலர் பொருள். மாட்டுக்குச் சத்து அதிலிருந்துதான் கிடைக்கிறது. கறவை மாடு தன் உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை உலர் பொருள் சாப்பிடும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ.

கலப்புத் தீவனத்திலும் வைக்கோலிலும் சுமார் 90 சதவீதம் உலர் பொருள் இருக்கிறது. பசும்புல்லில் ஏறக்குறைய 20 சதவீதம்; மழைக்கால இளம்புல்லில் அது 15 வரை இறங்கிவிடும். உருளைக்கிழங்கில் 20 முதல் 22, கேரட்டில் 12, முட்டைகோஸில் 8. அதாவது 10 கிலோ கோஸ் இலை போட்டால் மாட்டுக்குக் கிடைப்பது 800 கிராம் தீனி. மீதி 9 கிலோவுக்கு மேல் தண்ணீர்.

எனவே எந்தத் தீவனத்தை வாங்கும் முன்பும் அதன் உலர் பொருள் விலையைப் பாருங்கள். கொட்டகைக்கு வந்து சேரும் விலையை (வண்டி வாடகை, இறக்குக் கூலி உட்பட) உலர் பொருள் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். கேரட் கழிவு கிலோ 3 ரூபாய்க்கு வந்தால் மலிவாகத் தோன்றும். 3-ஐ 12-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் உலர் பொருள் கிலோ 25 ரூபாய். வைக்கோல் 12 ரூபாய் என்றால் உலர் பொருள் விலை 13 ரூபாய் சொச்சம். சொந்த நிலத்துப் புல்லுக்கு உரம், அறுப்புக் கூலி சேர்த்து கிலோ 2 ரூபாய் ஆகிறது என்றால் உலர் பொருள் 10 ரூபாய். கலப்புத் தீவனம் 32 ரூபாய் என்றால் உலர் பொருள் 35 ரூபாய்க்கு மேல். இவை கணக்கு விளங்குவதற்காகச் சொன்ன விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும், வீட்டருகே வளரும் புல்லை விட மலிவான தீனி இந்த மலையில் இல்லை என்றே பெரும்பாலும் வரும்.

ஒரு மாட்டின் ஒரு நாள்

தினம் 12 லிட்டர் கறக்கும், 400 கிலோ எடையுள்ள பசுவை எடுத்துக்கொள்வோம். கலப்புத் தீவனம் உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, பாலுக்கு ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் ஒரு கிலோ. ஆக 1.5 உடன் 4.8 சேர்த்து 6.3 கிலோ. பசும்புல் 25 கிலோ, வைக்கோல் 1.5 கிலோ. இவற்றின் உலர் பொருளைக் கூட்டினால் 12 கிலோ வருகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் புல்லும் வைக்கோலும். இந்தப் 'பாதிக்கு மேல்' என்பதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. நார்த்தீவனம் பாதிக்குக் கீழே போனால் அசை போடுவது குறையும், வயிற்றில் அமிலம் கூடும், பாலில் கொழுப்பு இறங்கும். சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பசும்பாலின் கொழுப்பு 3.2-க்குக் கீழே தொடர்ந்து வந்தால், பரிசோதனைக் கருவி மேல் சந்தேகப்படும் முன் புல்தொட்டியைப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதற்குச் செலவில்லாத பரிசோதனை இதைவிட வேறு கிடையாது.

6 கிலோ கலப்புத் தீவனத்தைக் கறக்கும் நேரத்தில் இரண்டு வேளையாகக் கொட்டுவதை விட மூன்று வேளையாகப் பிரிப்பது நல்லது. முதலில் கொஞ்சம் புல், பிறகு தீவனம். எந்தத் தீவனத்தை மாற்றுவதாக இருந்தாலும் 10 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். சினை மாட்டுக்கு ஏழாம் மாதத்திலிருந்து கூடுதலாக 1 முதல் 1.5 கிலோ வேண்டும். பால் வற்றிவிட்டது என்று அப்போது தீவனத்தைக் குறைப்பவர்கள், ஈன்ற பிறகு அதைவிட அதிகமாக இழக்கிறார்கள்.

தண்ணீரைக் குளிரைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது. ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் தேவை. உடலுக்குத் தேவையானது தனி. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் காலையில் தொட்டித் தண்ணீர் மேல் பனி படிந்திருந்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெயில் ஏறிய பின் தொட்டியை ஒருமுறை மாற்றி வைத்தாலே அன்றைய பாலில் வித்தியாசம் தெரியும். நன்றாகச் சாப்பிடும் வளர்ந்த மாடு ஊட்டிக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். ஈரமும் காற்றும்தான் அதற்கு எதிரி. கன்றின் கதை வேறு. பிறந்தவுடன் முதல் சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் கொடுத்துவிட வேண்டும். உறைபனிக் காலத்தில் வழக்கமான பாலை விட அரை முதல் ஒரு லிட்டர் கூடுதலாகக் கொடுங்கள், காய்ந்த படுக்கை போடுங்கள்.

கேரட், கோஸ், உருளைக்கிழங்கு

கேத்தி, பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடங்களில் ஒடிந்ததும் பிளந்ததும் குவிந்து கிடக்கும். இதை வீணாக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேரட்டை எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கேரட்டின் உலர் பொருளில் எரிசக்தி அதிகம், நார் குறைவு, புரதமும் குறைவு. அது புல்லுக்கு மாற்று அல்ல. கலப்புத் தீவனத்தில் இருக்கும் மக்காச்சோளத்துக்கு மாற்று. 10 கிலோ கேரட் கொடுத்தால் கலப்புத் தீவனத்தில் ஒரு கிலோ குறைக்கலாம். புல்லைக் குறைக்கக் கூடாது. நடைமுறையில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: கேரட் வந்துவிட்டது, இன்று புல் அறுக்க வேண்டாம் என்கிறார்கள். நான்கு நாளில் சாணி தண்ணீராகப் போகிறது, பிறகு மருந்துச் செலவு வருகிறது. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோவோடு நிறுத்துவது என் பரிந்துரை. மண்ணை அலசி, துண்டு போட்டுக் கொடுங்கள். முழுக் கேரட்டும் முழு உருளைக்கிழங்கும் தொண்டையில் அடைத்து, வயிறு உப்பி, மருத்துவர் வரும் முன்பே மாடு இறந்துபோவது உண்டு.

முட்டைகோஸ், காலிஃபிளவர், டர்னிப், நூக்கல் இலைகளுக்கு எல்லை இன்னும் குறுகியது. இந்தக் குடும்பத்து இலைகளில் உள்ள வேதிப்பொருள்கள் தொடர்ந்து அதிகமாகப் போனால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், தைராய்டு சுரப்பியையும் பாதிக்கும். வெறும் வயிற்றில் போட்டால் உப்புசம். 8 முதல் 10 கிலோவுக்குள், புல்லோ வைக்கோலோ தின்ற பிறகு மட்டும் கொடுங்கள். பீட்ரூட் இலையில் ஆக்சலேட் அதிகம் இருப்பதால் கைப்பிடி அளவோடு நிறுத்தலாம். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, முளை விட்டது, அழுகியது, உருளைச் செடியின் தழை ஆகிய நான்கையும் மாட்டுக்குப் போடவே கூடாது.

மருந்து தெளித்த காய்கறிக் கழிவு பற்றி ஒரே விதிதான். காத்திருப்புக் காலம் முடியாததால் சந்தைக்கு அனுப்ப முடியாத இலை மாட்டுக்கும் ஆகாது. கோஸின் வெளி இலைகளில்தான் மருந்து அதிகம் படிகிறது. நாம் உரித்து மாட்டுக்குப் போடுவதும் அதையேதான்.

கிக்கூயூ புல்லின் குணம்

ஊட்டியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாய் விரித்தது போலக் கிடக்கும் கிக்கூயூ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இளசாக இருக்கும்போது புரதம் நிறைந்த நல்ல தீவனம். ஒரு சாண் உயரத்துக்குள் மேய்த்துவிட வேண்டும், அல்லது அறுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடியில் தண்டு முற்றி மெத்தை போலாகி, மாடு நுனியைக் கடித்துவிட்டு மீதியை மிதித்துவிடும்.

இந்தப் புல்லுக்கு ஒரு குறை உண்டு. அது சோடியத்தை இலையில் சேர்த்து வைக்காது. சுண்ணாம்புச் சத்தும் குறைவு; இருப்பதையும் புல்லில் உள்ள ஆக்சலேட் பிடித்துக்கொள்கிறது. சுவரையும் கயிற்றையும் ஒன்றையொன்றும் நக்கிக்கொண்டிருக்கும் மாடுகளை இந்த மலையில் அடிக்கடி பார்க்கலாம். தினமும் 30 கிராம் சாப்பாட்டு உப்பும் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுத்தால் பெரும்பாலும் இது நின்றுவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் தாது உப்புக் கலவை எளிதாகக் கிடைக்கிறது. வாங்கும் கலப்புத் தீவனத்திலேயே தாது உப்பு சேர்ந்திருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். ஈன்ற இரண்டு மூன்று நாளில் பால் காய்ச்சலில் மாடு விழுவதும், யூரியா போட்டுக் கொழுகொழுவென வந்த புல்லைத் தின்று மெக்னீசியக் குறைவால் உடல் நடுங்கி விழுவதும் அவசர சிகிச்சைக்கு உரியவை. வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

புல் இருக்கும் அளவுக்கே மாடு

கடன் கிடைக்கிறது என்பதற்காக மாட்டை வாங்கிவிட்டு, பிறகு புல்லுக்கு அலைபவர்களைத்தான் அதிகம் சந்திக்கிறேன். ஒரு சதுர மீட்டர் சட்டம் ஒன்றை மூங்கிலில் கட்டிக்கொள்ளுங்கள். அறுப்புக்குத் தயாரான புல்லில் நான்கைந்து இடத்தில் சட்டத்தை வைத்து, உள்ளே உள்ளதை அறுத்து எடை போட்டுச் சராசரி பாருங்கள். சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்றால், ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் என்பதால், சென்ட்டுக்கு 100 கிலோ. நாளுக்கு 25 கிலோ தின்னும் மாட்டுக்கு தினம் கால் சென்ட். மறு அறுப்புக்கு 45 நாள் ஆகும் என்றால் ஒரு மாட்டுக்கு 11 சென்ட் சொச்சம் வேண்டும். உறைபனி மாதங்களில் அதே புல் மீண்டும் வர 70 நாள் எடுத்தால் 17 சென்ட்டுக்கு மேல். இந்தப் பெரிய எண்ணை வைத்துத்தான் எத்தனை மாடு என்று முடிவு செய்ய வேண்டும். ஆடி மாதப் பசுமையைப் பார்த்து மாடு வாங்கியவர் தை மாதத்தில் விற்கிறார், அதுவும் பாதி விலைக்கு.

கூடலூர், குன்னூரின் கீழ்ச்சரிவுகள், கோத்தகிரியின் தாழ்வான பகுதிகளில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-5 நன்றாக வரும். ஊட்டி உயரத்தில், அதாவது 2,200 மீட்டரைத் தாண்டியபின், உறைபனி அதைக் கருக்கிவிடும். அங்கே தீவன ஓட்ஸ் பொருத்தம். செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் கிக்கூயூ கருகி நிற்கும் நாட்களில் கை கொடுக்கும். ஏக்கருக்கு 40 கிலோ விதை, அதாவது சென்ட்டுக்கு 400 கிராம். ஈரப்பதம் காரணமாகப் புல்லைக் காய வைத்துச் சேமிப்பது இங்கே கடினம். மூட்டையில் அடைத்த ஊறுகாய்ப்புல் நல்ல வழி. ஆனால் அறுத்ததை அரை நாளாவது வாட விடாமல் அடைத்தால் அழுகித்தான் போகும். காட்டெருமை நடமாட்டம் உள்ள இடங்களில் புல் நிலத்தை வீட்டை ஒட்டி வைப்பதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

இந்த அளவுகள் கலப்பினப் பசுக்களுக்கு உரியவை. தோடர் எருமை சோலையை ஒட்டிய புல்வெளியில் மேய்ந்து வாழ்வது. அதன் பாலில் கொழுப்பு 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதைக் கொட்டகையில் கட்டி மூட்டைத் தீவனம் போட்டு லாபக் கணக்கு பார்ப்பது பொருந்தாது.

விலக்க வேண்டிய செடிகளும் புல்லும்

சிறுநீரில் இரத்தம் போகும் மாட்டை நீலகிரியில் பார்க்காத கால்நடை மருத்துவர் இருக்க மாட்டார். உண்ணிக் காய்ச்சல் உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வயதான மாட்டில் காய்ச்சல் இல்லாமல், மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்தால் பிராக்கன் பெரணியைச் சந்தேகிக்க வேண்டும். தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் காட்டோரத்திலும் தழைக்கும் இந்தப் பெரணியை நீண்ட காலம் தின்ற மாட்டின் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாகிறது. அந்த நிலைக்குப் போன பின் குணமாக்க வழி இல்லை. நஞ்சு பாலிலும் வெளியேறும் என்பதால் இது மாட்டோடு முடியும் விஷயம் அல்ல. தீ வைத்த இடத்திலும் வெட்டிய இடத்திலும் வரும் இளந்துளிரில் நஞ்சு மிகுதி. மற்ற புல் இல்லாத கோடையில்தான் மாடு இதைத் தேடிப் போகிறது. கொட்டகையில் வயிறு நிறைந்த மாடு பெரும்பாலும் தொடாது. உண்ணிச்செடியும் இப்படித்தான்: பசியோடு அவிழ்த்து விட்ட மாடே தின்று, மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் உரிந்து நிற்கும்.

தேயிலை வரிசைகளுக்கு இடையே அறுக்கும் புல்லுக்கு, களைக்கொல்லி எப்போது தெளித்தார்கள் என்று தோட்ட மேற்பார்வையாளரிடம் கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள். தெளித்த இடத்துப் புல் முழுக்கக் காய்ந்து, மழை பெய்து, புதுத்துளிர் வந்து வளரும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். லைன் வீடுகளில் மாடு வைத்திருப்பவர்களுக்கு வேறு புல் கிடைப்பது அரிது என்பது தெரியும். அதனால்தான் தெளிப்பு நாளை முன்கூட்டியே சொல்லும் வழக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மூட்டையில் பூசணம்

ஜூன் முதல் டிசம்பர் வரை, ஒரு பக்கம் தென்மேற்குப் பருவமழை, மறு பக்கம் வடகிழக்குப் பருவமழை, நடுவில் மூடுபனி. கலப்புத் தீவன மூட்டை ஈரம் இழுத்துக் கட்டி தட்டினால் பூசணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் உண்டாகும் ஆஃபிளாடாக்சின் நஞ்சு பாலுக்குள் போகிறது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. மூட்டையைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்காமல், மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். கட்டியானதை 'கறக்காத மாட்டுக்குத்தானே' என்று சினை மாட்டுக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கருச்சிதைவுக்கு அது ஒரு காரணம்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து உறையில் குறிப்பிட்டுள்ள நாள் வரை சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. ஒரு வீட்டுப் பால் முழு கேனையும் கெடுத்துவிடும். ஊற்றாத நாளின் இழப்பை மடிநோய்ச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

லிட்டருக்குத் தீவனச் செலவு எவ்வளவு

மேலே சொன்ன 12 லிட்டர் மாட்டுக்குப் புல் 50 ரூபாய், வைக்கோல் 18, கலப்புத் தீவனம் 202, தாது உப்பும் உப்பும் 6. மொத்தம் 276 ரூபாய், லிட்டருக்கு 23. பால் விலை 38 ரூபாய் என்று வைத்தால் தீவனச் செலவு அதில் 60 சதவீதம். நல்ல நிலைதான். ஆனால் கொட்டகையில் ஐந்து உருப்படி இருந்து, மூன்று மட்டும் கறக்க, இரண்டு வற்றியதோ கிடேரியோ என்றால் கணக்கு மாறுகிறது. அந்த இரண்டுக்கும் நாளுக்குத் தலா 110 ரூபாய் என்றாலும் மொத்தச் செலவு 1,048 ரூபாய், பால் 36 லிட்டர். லிட்டருக்கு 29 ரூபாய், விலையில் 76 சதவீதம். கூலி, மருந்து, கடன் தவணை எல்லாவற்றுக்கும் மீதி 9 ரூபாய்தான். கறக்கும் மாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு லாபம் என்று நம்புவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இதைச் சரிசெய்ய விலை குறைந்த தீவனத்தைத் தேடுவதை விட, மாடு காலத்தில் சினையாவதைப் பார்ப்பதே பலன் தரும். இரு ஈற்றுக்கு இடையே 13 முதல் 14 மாதம், வற்றுக்காலம் 60 நாள், வளர்ந்த மாடுகளில் பத்துக்கு ஏழாவது எப்போதும் கறவையில். மலையில் மாடுகள் நாள் முழுக்கக் கொட்டகையிலேயே நிற்பதால் சினைப்பருவ அறிகுறி கண்ணில் படாமல் போகிறது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். 110 ரூபாய்க் கணக்கில் 2,310 ரூபாய். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பதினைந்து நிமிடம் கொட்டகையில் நின்று பாருங்கள்.

அளவுகளை உங்கள் மாட்டுக்குச் சரிபார்க்க, குன்னூரில் உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம். போகும்போது ஒரு வாரத்துப் பால் சீட்டு, தீவன மூட்டையின் சீட்டு, காலையில் அறுத்த புல்லில் ஒரு கைப்பிடி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாடு விழுந்துவிட்டாலோ தொண்டை அடைத்தாலோ 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனம் வரும். மலைச்சாலையில் அது வந்து சேர நேரம் ஆகும் என்பதால், அறிகுறி தெரிந்தவுடனே அழையுங்கள்.